தாடையில் எலும்புத் துகள் வைக்கும் முன், நீங்கள் எடுக்கும் ஸ்டெரொய்ட் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள்

முடக்குவாதம், ஆஸ்மா, தோல் நோய் என்று ஏதோ ஒன்றுக்காக நீண்ட காலமாகப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை எடுப்பவர்கள், செயற்கைப் பல் பதிப்பதற்காகத் தாடையில் எலும்புத் துகள் வைக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் கனடாவில். கோண்டாவிலில் தனியே இருந்துகொண்டு, ஒரேயொரு கடைவாய்ப் பல்லின் இடத்துக்காக இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் நிம்மதியில்லாமல் போனது. அந்த இடத்தில் இன்றுவரை பல் இல்லை.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வு பெறுவதற்கு முன்பே, காலையில் எழும்பினால் விரல் மூட்டுகள் மடங்காது. கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் சோக்கட்டி கையிலிருந்து விழும். முடக்குவாதம் என்று சொல்லி, கிழமைக்கு ஒரு தடவை முடக்குவாதத்தை அடக்கும் மெதொட்ரெக்சேட், அதோடு போலிக் அமிலம், நாளாந்தம் பிரெட்னிசொலோன் என்று தந்தார்கள். எடுத்த முதற் கிழமையிலேயே தலைமுடியை நானாகப் பின்ன முடிந்தது. 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எழுந்து நடக்க முடியாமல் கிடந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதல் கோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொய்ட்டைக் கொடுத்தபோது, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அந்த வேலைக்காக 1950 இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஆச்சரியம் என் கைகளிலும் நடந்தது. ஆகவே இந்தக் குளிசையைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. அது எனக்குக் கைகளைத் திருப்பித் தந்த மருந்து. அதே மருந்து தாடையில் என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பல் உடைந்தது ஒரு கலியாண வீட்டில், பொரிவிளாங்காய் கடித்தபோது. கீழ்த்தாடையில், பழைய நிரப்பல் இருந்த வலப்பக்கக் கடைவாய்ப் பல் வேர்வரை பிளந்துவிட்டது. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் பல் வைத்திய நிலையத்துக்குப் போனேன். பல்லைப் பிடுங்கி, அந்தக் குழியிலேயே எலும்புத் துகளை நிரப்பி மூடிவிட்டு, சில மாதங்களில் இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புக்குள் முறுக்கும் திருகாணி, பதிக்கலாம் என்றார்கள். காரணமும் சொன்னார்கள், அது சரியான காரணம்தான். பல் போனபின் அது நின்ற எலும்பு சும்மா இருக்காது. முதல் மாதங்களிலேயே வேகமாகக் கரையும். ஒரு வருடத்துக்குள் அகலத்தில் பாதிவரை போய்விடலாம். அப்படிப் போனால் இம்பிளான்ட் திருகாணிக்குப் பிடிமானம் இருக்காது. எனக்கு விளங்கியது, சம்மதித்தேன்.

அங்கே நிரப்பத் தந்த படிவத்தில் சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, இருதய வருத்தம் உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஸ்டெரொய்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. மூட்டு வருத்தத்துக்குக் கிளினிக்கில் தொடர்ந்து மருந்து எடுக்கிறேன் என்று நானாகவே சொன்னேன், கிளினிக் கொப்பியும் கைப்பையில் இருந்தது. உதவியாளர் பிள்ளை “மூட்டு வருத்தம்” என்று ஓரத்தில் எழுதிக்கொண்டாள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடம் என்று ஒருவரும் கேட்கவில்லை, கொப்பியை யாரும் திறந்து பார்க்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம் இதுதான். “மூட்டுக்கு மருந்து எடுக்கிறேன்” என்பது போதாது. குளிசையின் பெயர், இப்போதைய அளவு, எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள், கடந்த ஒரு வருடத்தில் எப்போதாவது அளவைக் கூட்டினார்களா என்ற நான்கையும் ஒரு துண்டில் எழுதி, பல் வைத்தியரின் கையிலேயே கொடுங்கள். உதவியாளரிடம் கொடுத்தால் அது கோப்புக்குள் போய்விடும். எங்கள் ஊரில் சில சிறிய மருந்தகங்களில் பெயரே எழுதாமல் காலை, இரவு என்று மட்டும் குறித்த கடதாசி உறையில் குளிசை தருகிறார்கள். அப்படி வாங்கி எடுக்கிறீர்கள் என்றால், அது என்ன குளிசை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எடுத்த உடனே நோவு பறந்துபோய், பசி கூடி, முகம் ஊதுகிறது என்றால் அதில் ஸ்டெரொய்ட் இருக்கக்கூடும்.

பல்லைப் பிடுங்கி எலும்பு வைத்த அன்று பெரிய வேதனை ஒன்றும் இல்லை. வீக்கம் வராமலிருக்கச் சில நாட்களுக்கு டெக்ஸாமெதசோன், அதோடு அன்ரிபயோட்டிக், நோவுக்கு டைக்குளோபினாக் தந்தார்கள். டெக்ஸாமெதசோனும் ஒரு ஸ்டெரொய்ட்தான், பிரெட்னிசொலோனைவிடப் பல மடங்கு வலுவானது. அது அன்று எனக்குத் தெரியாது. நான் வழக்கமான குளிசையை எடுத்துக்கொண்டே அதையும் விழுங்கினேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் அங்கே இருக்கவில்லை. ஸ்டெரொய்ட் எடுப்பவருக்கு டைக்குளோபினாக் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும் அபாயம் கூடும் என்பதும், மெதொட்ரெக்சேட் எடுப்பவருக்கு அந்த வலிமாத்திரையையும் சில அன்ரிபயோட்டிக்குகளையும் யோசித்துத்தான் தர வேண்டும் என்பதும் பின்னால் அறிந்தவை.

அதன்பின் மார்கழி மழை. இரண்டு முழங்கால்களும் வீங்கி, கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மூட்டுக் கிளினிக்கில் பிரெட்னிசொலோனை நாளுக்கு 20 மில்லிகிராமுக்குக் கூட்டி, கிழமை கிழமையாகக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் பக்கம் அது சரியான வைத்தியம். ஆனால் என் தாடைக்குள் புதிதாக எலும்பு வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது, என் அளவு மூன்று மடங்காகக் கூடியது பல் வைத்தியருக்குத் தெரியாது. இரண்டு வைத்தியர்களுக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் இரண்டு மருந்துத் துண்டுகளையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

தையல் வெட்டியபோது முரசு மூடவில்லை. துகளின் மேல் போர்த்தியிருந்த மென்சவ்வு வெள்ளையாக வெளியே தெரிந்தது. மூடும் என்றார்கள். பிறகு வாய் கொப்பளிக்கும்போது சின்னச் சின்ன வெள்ளைத் துகள்கள் துப்பலோடு வரத் தொடங்கின. கையில் ஏந்திப் பார்த்தேன், கரையவில்லை. தொலைபேசியில் கேட்டால், நோவு இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் பயமில்லை, அடுத்த முறை வரும்போது பார்ப்போம் என்றார்கள். இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டெரொய்ட் எடுப்பவருக்கு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, சிவக்கவில்லை என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி வந்தால் உடம்பு எழுப்பும் அறிகுறிகளை அந்த மருந்து அமுக்கி வைத்திருக்கக்கூடும். முரசு மூடவில்லை, சவ்வு தெரிகிறது, துகள் வருகிறது, வாயில் கெட்ட சுவை இருக்கிறது என்றால், நோவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே போய் வாயைத் திறந்து காட்டுங்கள். தொலைபேசியில் சொல்லும் பதிலோடு நிற்காதீர்கள்.

ஒரு நாள் இரவு வாய்க்குள் சீழின் சுவையோடு கண் விழித்தேன். கண்ணாடியில் பார்த்தால் தாடையின் ஒரு பக்கம் உருண்டு நின்றது. நடுச்சாமத்தில் யாரைக் கூப்பிடுவது? கனடாவில் அது பகல், மகள் வேலையில் இருப்பாள். அவளைப் பயப்படுத்த மனமில்லாமல் விடியும் வரை கதிரையில் இருந்தேன். புற்றுநோயாக இருக்குமோ, தாடையை வெட்டச் சொல்வார்களோ என்று இல்லாத நினைப்பெல்லாம் வந்தது. விடிந்ததும் முன்வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் அரச வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே வாய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவில் வைத்த துகள் முழுவதையும் சுரண்டி எடுத்து, குழியைக் கழுவி விட்டார்கள். எடுத்து வைத்த கிண்ணத்தைப் பார்த்தேன். மாதங்களாகியும் அது வைத்தபடியே இருந்தது. எலும்பாக மாறின ஒரு துண்டுகூட அதில் இல்லை. நான் அன்று அழுதது நோவினால் அல்ல.

அங்கிருந்த பல் வைத்தியர் வயதில் இளையவர். முன்பு என் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையின் தம்பியாம். “ரீச்சர், அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், கொப்பியையும் கொண்டு வாருங்கள்” என்றார். கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். இவ்வளவு காலத்தில் எனக்கு ஒருவர் உட்கார வைத்து விளங்கப்படுத்தியது அன்றுதான். அவர் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன்.

குழியில் வைக்கும் துகள் தானாக எலும்பாகாது. பெரும்பாலான துகள்களுக்கு உயிரே கிடையாது. பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பது எப்படியோ, அப்படித்தான் அது. கொடி உங்கள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். முதலில் துகள்களுக்கு இடையில் இரத்தம் உறையும். பிறகு சிறிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளரும். அவற்றின் வழியே எலும்பு கட்டும் கலங்கள் வந்து துகளின் மேல் ஒட்டிப் புது எலும்பைக் கட்டும், எலும்பு தின்னும் கலங்கள் பழையதை அரித்து ஒழுங்குபடுத்தும். இவ்வளவும் நடக்க நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும். இந்த வேலையைத் தொடக்கி வைப்பதே முதல் நாட்களில் வரும் அழற்சிதான். காயத்துக்குக் கலங்களை அழைக்கும் மணி அங்கேதான் அடிக்கிறது. நாளாந்தம் எடுக்கும் ஸ்டெரொய்ட் அந்த மணியைத் தாழ்த்துகிறது. இரத்தக் குழாய் வளர்வதைக் குறைக்கிறது. எலும்பு கட்டும் கலங்கள் உருவாவதைக் குறைத்து, உருவானவையும் சீக்கிரம் மடியச் செய்கிறது. எலும்பு தின்னும் கலங்களுக்கோ, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், ஆயுளைக் கூட்டுகிறது. குடல் கல்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரில் போகும் கல்சியம் கூடுகிறது. முரசு மூடுவதற்கு வேண்டிய கொலாஜின் என்ற புரதமும் குறைவாகவே உண்டாகிறது. இடுப்பு எலும்பும் முள்ளந்தண்டும் தேய்வதற்கு என்ன காரணமோ, அதுவே தாடைக் குழிக்குள்ளும் நடக்கிறது. எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைவது ஸ்டெரொய்ட் தொடங்கிய அல்லது கூட்டிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். துகள் பிடிக்க வேண்டிய காலமும் அதேதான். எனக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

என்றாலும் அவர் குற்றம் முழுவதையும் குளிசையின் தலையில் போடவில்லை. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை எழுதித் தந்தார், அது கூடியிருந்தது. எனக்குச் சீனி வருத்தம் இருந்ததே இல்லை. ஸ்டெரொய்ட் சீனியைக் கூட்டும், கூடிய சீனி காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். அந்த ஒரு பரிசோதனையை எலும்பு வைப்பதற்கு முதற் கிழமை செய்திருந்தால், திகதியையாவது தள்ளிப் போட்டிருப்பார்கள். விற்றமின் டி அளவும் பார்க்கச் சொன்னார். இவ்வளவு வெயிலில் இருந்துகொண்டு எனக்கென்ன குறைவு என்று நினைத்தேன். குறைவாகத்தான் இருந்தது.

இதை வாசிப்பவர்கள் வீணாகப் பயப்படக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் எழுத வேண்டும். பல் சத்திரசிகிச்சையின்போது வீக்கத்துக்காக ஓரிரு நாள் தரும் டெக்ஸாமெதசோன், வேறு வருத்தம் இல்லாத ஒருவரின் எலும்பைக் கெடுத்துவிடும் என்று இல்லை. ஞானப்பல் எடுப்பவர்கள் பலருக்கும் அதைக் கொடுக்கிறார்கள், முகம் ஊதாமல் தப்புகிறார்கள். ஆய்வுகூடத்தில் மூலக் கலங்களை எலும்புக் கலங்களாக மாற்றுவதற்கு ஊற்றும் திரவத்திலேயே மிகச் சிறிய அளவில் டெக்ஸாமெதசோன் சேர்க்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. மருந்து ஒன்றுதான். அளவும், எவ்வளவு காலம் என்பதும், உடம்பு முழுக்கவா ஓரிடத்திலா என்பதும்தான் வேறு. ஸ்டெரொய்ட் எடுப்பவருக்கு எலும்புத் துகளோ இம்பிளான்ட்டோ வைக்கவே கூடாது என்று விதி கிடையாது. வைத்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. வருத்தம் அடங்கி, அளவு இயன்றவரை குறைந்து நிற்கும் காலத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும், சீனியைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், ஆறுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் காலம் விட வேண்டும், அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மூட்டு வைத்தியரோடு ஒரு தொலைபேசிப் பேச்சு, ஒரு கடிதம். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்காமல் போனது.

இதைப் படித்துவிட்டுப் பல்லுக்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் பிள்ளைகள் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சில கிழமைகளுக்கு மேல் பிரெட்னிசொலோன் எடுத்தவரின் உடம்பு, தனக்கு வேண்டிய கோர்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டெரொய்ட்டைத் தானே சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால், அதுவும் பல் பிடுங்குவது மாதிரி உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வரும்போது நிறுத்தினால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொக்குவிலில் என் ஒன்றுவிட்ட அக்கா பல் பிடுங்கப் போவதற்கு முன் இப்படித்தான் நிறுத்தி, தலை சுற்றி விழுந்து, சேலைன் ஏற்றித்தான் எழும்பினார். குறைப்பதென்றால் கொடுத்த வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எலும்பு தேயாமலிருக்க அலென்ட்ரொனேட் என்று கிழமைக்கொரு தடவை எடுக்கும் குளிசையை ஸ்டெரொய்ட் எடுப்பவர்களுக்கு எழுதுவது உண்டு. எனக்கும் அந்தப் பேச்சு வந்தது. நல்ல மருந்து, வேண்டியவர்கள் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வகை மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்குப் பல் பிடுங்கியபின் தாடை எலும்பு மூடாமல் செத்துப்போவது 2003 முதல் அறியப்பட்ட விடயம், ஸ்டெரொய்ட்டும் சேர்ந்திருந்தால் அபாயம் கூடும். அதனால் அதைத் தொடங்குவதற்கு முன் பல் வைத்தியரிடம் போய், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதன் பெயரும் நான் மேலே சொன்ன துண்டில் இருக்க வேண்டும்.

துகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இது வைத்தியத்தைவிட என் மனதை அதிகம் வருத்தியது. நாங்கள் பரம்பரையாகச் சைவம், நான் முட்டையும் தொடுவதில்லை. எனக்கு வைத்தது மாட்டெலும்பிலிருந்து செய்த துகள், மேலே போர்த்திய சவ்வு விலங்குக் கொலாஜின். பணத்தைப் பற்றிப் பேச அந்த நிலையத்துக்குப் போனபோது, என் கோப்பில் ஒட்டியிருந்த சிறிய லேபிளைப் பார்த்துத்தான் அறிந்தேன். இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றின் பெட்டியிலும் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எழுதிய ஒட்டு லேபிள் இருக்கும். ஒன்றை உங்கள் கொப்பியிலும் ஒட்டித் தரும்படி கேளுங்கள். வைப்பதற்கு முன்பே எதிலிருந்து செய்தது என்று கேளுங்கள். மாட்டெலும்புத் துகள் மட்டும்தான் என்று இல்லை. கொடையாகப் பெற்ற மனித எலும்பு உண்டு, சொந்தத் தாடையின் பின்பக்கத்திலிருந்தோ நாடியிலிருந்தோ எடுக்கும் எலும்பு உண்டு, கல்சியம் பொசுபேற்றில் செயற்கையாகச் செய்ததும் உண்டு. ஒவ்வொன்றும் கரையும் வேகம் வேறு. மாட்டெலும்புத் துகள் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும், செயற்கை வகைகளில் சில அதைவிட வெகு சீக்கிரம் கரையும். எது பொருத்தம் என்பது வைத்தியரின் தீர்மானம். என் உடம்புக்குள் எது போகிறது என்பதைத் தெரிந்து சம்மதிப்பது என் உரிமை. அதைக் கேட்டுச் சொல்ல ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்தை எனக்குத் தராதது இன்றும் எனக்கு ஆறவில்லை.

பணக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். துகளுக்கும் சவ்வுக்கும் சத்திரசிகிச்சைக்குமாக ஒரு லட்சத்துக்குக் கிட்ட. இம்பிளான்ட்டுக்கு முற்பணமாக இன்னும் எண்பதாயிரம். முப்பரிமாணப் படம், இரத்தப் பரிசோதனைகள், மருந்து, ஓட்டோ, எலும்பு அடர்த்தி பார்க்கக் கொழும்புக்குப் போய்வந்த செலவு தனி. பல முறை நடந்தபின் இம்பிளான்ட் முற்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். துகளுக்குக் கொடுத்தது திரும்பவில்லை, படிவத்தில் தோல்வியடைந்தால் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்ததாம். முற்பணம் கட்டும் முன், துகள் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள், மறுபடி வைப்பதென்றால் யார் செலவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இம்பிளான்ட் பணத்தைத் துகள் பிடித்ததைப் படத்தில் பார்த்த பிறகு கட்டினால் போதும்.

இப்போது முரசு நன்றாக மூடிவிட்டது. பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்குக் குறைந்திருக்கிறது, சீனியும் இறங்கியிருக்கிறது. விற்றமின் டி எடுக்கிறேன். இளைய வைத்தியர் மூட்டு வைத்தியருக்கு எழுதிய கடிதமும், அவர் எழுதிய பதிலும் என் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. மறுபடி துகள் வைப்பதா என்பதை அடுத்த வருடம் இருவரும் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், வைப்பதென்றால் செயற்கைத் துகள் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதுவரைக்கும் கழற்றிப் பூட்டும் பல் ஒன்றுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள்.